மேளத்தை மலிந்தர் ஏன் தானே அடித்தான்?

மகாசுவேதா தேவியின் 'பாயென்' நாடகத்தைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், "அந்தப் புருஷன் சுத்த மடையன் சார். ஊரு சூனியக்காரின்னு சொன்னா கட்டினவனும் நம்பிடுவானா?" என்று கேட்டார். வில்லியனூர் டீக்கடையில் நின்றபடியே அரைமணி நேரம் பேசினோம். அவர் சொன்னதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கே முடியாததை இங்கே எழுதுகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (மகாசுவேதா தேவியின் ஐந்து நாடகங்கள் 1986இல் ஆங்கிலத்தில் ஒரே தொகுப்பாக வந்தன. அதில் இதுவும் ஒன்று.) சண்டிதாசி டோம் இனத்துப் பெண். இறந்த சிறு குழந்தைகளைப் புதைப்பதும், குழியை நரி தோண்டாமல் காப்பதும் அவள் பரம்பரை வேலை. தனக்கே ஒரு மகன் பிறந்த பிறகு அவளுக்கு அந்த வேலையில் மனம் செல்லவில்லை. உறவுக்காரக் குழந்தை ஒன்று அம்மை கண்டு இறந்ததும் பழி இவள் தலையில் விழுகிறது. ஒருநாள் இரவு புதைகுழிப் பக்கம் அவளைப் பார்த்த ஊரார் 'பாயென்' என்கிறார்கள். பாயென் என்றால் குழந்தைகளுக்கு ஆகாதவள். அவளைக் கொல்லக் கூடாது, ஊருக்குள் சேர்க்கவும் கூடாது. ரயில் பாதை ஓரம் தனிக் குடிசை, வாரம் ஒருமுறை அரிசி பருப்பு. அவள் வருவது தெரிந்து ஜனங்கள் ஒதுங்கிக்கொள்ள, ஒரு தகரத்தை இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும்.

இதை மேளமடித்து ஊருக்கு அறிவிப்பவன் அவள் புருஷன் மலிந்தர். ஊரார் யாராவது அடித்திருக்கலாம், இவன்தான் அடிக்கிறான்.

அவன் மடையன் இல்லை. கையெழுத்துப் போடத் தெரிந்தவன், பிணவறையில் அரசாங்க வேலை பார்ப்பவன். பெண்டாட்டி மேல் பிரியம் உள்ளவனும்கூட. இழப்பதற்கு அவனிடம் நிறைய இருந்தது என்பதுதான் என் கட்சி. வேறொருவன் மேளத்தை எடுத்திருந்தால் இவன் பாயெனின் புருஷன், குழந்தை பாயெனின் பிள்ளை. தானே எடுத்ததால் ஊரோடு சேர்ந்துவிட்டான். அந்த இருட்டில் ஒரு நொடி அவனும் நம்பியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருஷங்கள் கழித்து, "அவள்தான் உன் அம்மா" என்று மகனிடம் சொல்வதும் அவன்தான். நிஜமாகவே நம்புகிறவன் அதைச் சொல்லத் துணிவானா?

சண்டிதாசி தன் குலத்தைப் பற்றிப் பெருமை பேசுவாள். அரிச்சந்திரனையே சுடுகாட்டில் வேலைக்கு வைத்த டோமின் வழிவந்தவளாம். நம் கூத்தில் வருகிற வீரபாகுதான் அது! மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்தவர்கள் நாம். கால் பணம், முழத் துண்டு வசனமெல்லாம் நம்மில் பலருக்கு மனப்பாடம். அதிலும் சந்திரமதி மேல் குழந்தையைக் கொன்ற பழி விழுகிறது, அவளை வெட்ட வாளை ஓங்குகிறவன் புருஷன். வாள் மாலையானதும் நாம் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். கடமை பெரிது என்று ஓங்கிய கையை நாம் ஒருநாளும் குற்றம் சொன்னதில்லை. மலிந்தருக்கு மாலை விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதெல்லாம் வடக்கே நடப்பது என்பார் நண்பர். நடக்கிறதுதான். பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று சுட்டினாலே மூன்று மாதம் வரை சிறை. ஜார்க்கண்ட் கணக்குப்படி மலிந்தர் உள்ளே போயிருப்பான். அங்கே 1995இல் சூனியக்காரி என்று அடித்துத் துரத்தப்பட்ட சுட்னி மஹதோ, தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றுவதையே வேலையாக்கிக்கொண்டார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் பக்கம் மேளம் அடிக்கவில்லை. ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது பாகூர் ஏரிக்கரை ஓரம் ஒரு பாட்டி தனியாக இருந்தார். அடுத்தடுத்து இரண்டு பேரப்பிள்ளைகள் தவறியதில், 'கண்ணு பொல்லாதது' என்று பேர் வந்துவிட்டது. பெற்ற மகனே குடிசை போட்டுக் கொடுத்தான். மருமகள் சோற்றுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். என் அப்பா அவனைக் கேட்டதற்கு அவன் சொன்னான்: "என்னண்ணே பண்றது, நாலு பேரு வூட்டு நல்லது கெட்டதுக்கு நாளைக்கு நானும் போவணுமே." பில்லி, சூனியம் என்று ஒரு வார்த்தை அவன் பேச்சில் இல்லை.

நாடகத்தின் முடிவைச் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் மூங்கிலை அடுக்கி ரயிலைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் கொள்ளைக்காரர்கள். சண்டிதாசி குறுக்கே நின்று ரயிலை நிறுத்தப் போய், அதில் அடிபட்டுச் சாகிறாள். இறந்தவள் யார் என்று அதிகாரிகள் விசாரிக்கும்போது சிறுவன் பகீரத் முன்னால் வந்து அவள் பெயரை முழுசாகச் சொல்கிறான். என் அம்மா என்கிறான். அத்தனை ஊர்ஜனமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.