படுக்க வைத்தால் கேஸ் வருமா?

ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் விருந்தாளிகள், அடுப்பில் பாதி கொதித்த குழம்பு. அந்த நேரம் பார்த்துத்தான் கேஸ் சுருங்கும். மாற்று சிலிண்டர் இல்லாத வீட்டில் யாராவது ஒருவர் உடனே சொல்வார்: "சிலிண்டரைப் படுக்க வை, அரை மணி நேரம் ஓடும்." பல வீடுகளில் மாமியார் காலத்திலிருந்து நடக்கிற கைவைத்தியம் இது. இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அதற்கு இருக்கும் ஒரே சான்று.

சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமாக்கிய புரொப்பேனும் பியூட்டேனும். நிமிர்ந்து நிற்கும்போது திரவம் அடியில் இருக்கும். அதன் மேலே சேரும் ஆவிதான் வால்வு வழியாக அடுப்புக்கு வருகிறது. ரெகுலேட்டர், ரப்பர் டியூப், பர்னர் எல்லாமே அந்த ஆவிக்காகச் செய்தவை. படுக்க வைத்தால் திரவமே வால்வுக்கு வந்துவிடலாம். ஒரு பங்கு திரவம் சுமார் 250 பங்கு வாயுவாக விரியும். சிறிதளவு டியூபுக்குள் போனாலும் சுடர் மஞ்சளாக ஓங்கி எழும். பக்கத்தில் எண்ணெய்ச் சட்டி இருக்கும், புடவைத் தலைப்பும் இருக்கும்.

குடோன்களில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் பின்னால் சிலிண்டர் படுத்துக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் அது வேறு வகை சிலிண்டர். அதிலிருந்து திரவத்தையே எடுக்கிறார்கள். அதை ஆவியாக்க, எஞ்சினின் சூடான தண்ணீரில் இயங்கும் தனிக் கருவி வண்டியில் உண்டு. அந்த சிலிண்டரையும் இஷ்டத்துக்கு உருட்டி வைக்க முடியாது. அதன் வளையத்தில் உள்ள துளை வண்டியில் நீட்டிக்கொண்டிருக்கும் முளையில் பொருந்த வேண்டும். அப்போதுதான் அதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு, ஆவி இருக்கும் மேல்பக்கம் அமையும். மாற்றுகிறவர் கையுறை போட்டிருப்பார். அந்தத் திரவம் விரலில் பட்டால் சதை உறைந்து புண்ணாகிவிடும். நம் சமையலறையில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது.

திரவம் முழுக்கத் தீர்ந்திருந்தால், படுக்க வைத்தாலும் வருவதற்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தும் சுடர் குறைகிறதென்றால் பெரும்பாலும் குளிர்தான் காரணம். நெடுநேரம் எரியும்போது உள்ளே இருக்கும் திரவம் குளிர்ந்துபோகும். வெளியே சிலிண்டர் வியர்த்திருக்கும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு மார்கழியில் இது பழகிய தொல்லை. அடுப்பை அணைத்துச் சிறிது நேரம் விட்டால் தானே தேறும். வெந்நீர்ப் பாத்திரத்தில் உட்கார வைப்பதும், மேலே வெந்நீர் ஊற்றுவதும் வேண்டவே வேண்டாம். அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வீட்டில் கருவி இல்லை.

எவ்வளவு மீதி இருக்கிறது என்று அறிய, சிலிண்டரை ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். திரவம் இருக்கும் உயரம் வரை ஈரம் மெதுவாகக் காயும். எடை போட வசதியிருந்தால் இன்னும் துல்லியம்: மேலே எழுதியிருக்கும் காலி எடையைக் கழித்தால் மீதி கேஸ். வீட்டு சிலிண்டர் நிறைந்திருந்தால் அது 14.2 கிலோ.

ஏற்கெனவே சாய்த்துவிட்டு, இப்போது வாடை வருகிறதா? அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடுங்கள். இந்த வாயு காற்றைவிட கனமானது, தரையோடு தங்கும். அதனால் ஜன்னல் மட்டும் போதாது, வாசல் கதவையும் திறந்து வையுங்கள். லைட், ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906-க்கு அழையுங்கள்.