எருவுக்கும் அளவு உண்டு

சாணமும் கோழி எருவும் இயற்கையானவை, எவ்வளவு கொட்டினாலும் ரசாயன உரம்போல நீரைக் கெடுக்காது என்கிறார்கள். எரு மண்ணை வளப்படுத்தும் என்பது உண்மை. மற்றது தவறு.

ஒன்று. எருவின் நைட்ரஜனும் மண்ணில் நைட்ரேட்டாகத்தான் மாறுகிறது. அது களிமண்ணில் ஒட்டாது, மழையோடு கீழிறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற இந்திய வரம்பு, யூரியாவா தொழுவமா என்று பிரித்துப் பார்க்கிறதா?

இரண்டு. எரு மெதுவாக மட்கும், அதனால் ஆபத்தில்லை என்கிறார்கள். அறுவடைக்குப் பின், வயல் வெறுமையாகக் கிடக்கும்போதும் அது மட்கிக்கொண்டேதான் இருக்கும். அப்போது வெளிவரும் நைட்ரேட்டை எந்த வேர் உறிஞ்சும்? யூரியாவையாவது பயிர் கேட்கும் நாளில் இடலாம். எரு மட்கும் நாளை அப்படிக் கட்டுப்படுத்த முடியாது. அளவுதான் முக்கியக் கட்டுப்பாடு.

மூன்று. பயிரின் நைட்ரஜன் தேவைக்குக் கணக்கிட்டுக் கோழி எருவைப் போட்டால் பாஸ்பரஸ் மிஞ்சும். ஆண்டுதோறும் சேர்ந்து, மண்ணரிப்போடு ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்க்கும்.

நான்கு. எருவைச் சாண எரிவாயுக் கலனில் இட்டால் சிக்கல் தீருமா? வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கார்பன். நைட்ரஜனும் பாஸ்பரஸும் கலனிலிருந்து வரும் கரைசலிலேயே தங்கிவிடும். அதை இடவும் நிலம் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 நைட்ரேட் ஆணை, பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ எரு நைட்ரஜன் என வரம்பிட்டது. நாமக்கல்லில் கோழிப் பண்ணை நடத்துபவரும் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: இத்தனை கோழிக்கு, எத்தனை ஏக்கர்?