சர்வர் டவுன் ஆனால் உங்க ஆபீஸ் என்ன செய்யும்? கடலூர் ஏற்கெனவே படித்த பாடம்

2024 ஜூலை 19. இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும்விட்டது. அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. நம்ம ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று நம் வங்கிகள் பெரும்பாலும் தப்பின. 10 வங்கிகள், நிதி நிறுவனங்களுக்கு மட்டும் சிறு பாதிப்பு என்றது ரிசர்வ் வங்கி. அந்த நிம்மதி இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. சிறு வங்கிகளுக்கு மென்பொருள் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் தாக்குதல். ஜூலை 31 அன்று தேசிய கொடுப்பனவுக் கழகம் அதன் இணைப்பைத் துண்டித்தது. சுமார் 300 சிறு வங்கிகளின் சேவை பாதிக்கப்பட்டது. பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். மறுநாள்தான் இணைப்பு திரும்பியது.

மாசக் கடைசியில் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாதவருக்கு, தவறு யாருடையது என்பதா முக்கியம்?

கடலூருக்கு இது புதுசா?

இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன, பல கிராமங்களுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கானது. ஒன்று விழுந்தால் அதை நம்பி நிற்கும் எல்லாமே விழும் என்பதை இந்த மாவட்டம் அனுபவித்தே தெரிந்துகொண்டது. இன்று சிதம்பரம் நான்கு வீதிகளில் பூக்கடை வரை கியூஆர் கோடு இருக்கிறது. அதாவது, நம்பி நிற்பவை கூடியிருக்கின்றன.

என்ன செய்யலாம்?

முதலில், அப்டேட்டை எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். இரண்டு மெஷினில் போட்டு ஒரு நாள் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் வாடிக்கையாளர்களில் சிலர் புது வெர்ஷனைத் தள்ளிப்போடும் செட்டிங் வைத்திருந்தும் தப்பவில்லை. அந்தக் குறிப்பிட்ட ஃபைலுக்கு அந்த செட்டிங் பொருந்தவே இல்லை. எனவே "எதெல்லாம் எங்களைக் கேட்காமலே வரும்?" என்று சேவை தருபவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, பேக்கப். அதே கட்டடத்தில், அதே தரைத்தளத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை வெள்ளம் வரும் ஊரில் பேக்கப் என்று சொல்ல முடியாது. வெளியூரில் ஒரு பிரதி வேண்டும். அது திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கவும் வேண்டும்.

மூன்றாவது, பேப்பர். ஜூலை 19 அன்று பல நிறுவனங்களில் கம்ப்யூட்டரைத் திறக்கத் தேவையான ரெக்கவரி கீ, முடங்கிப்போன இன்னொரு சர்வருக்குள் மாட்டிக்கொண்டது. முக்கிய கீ, போன் நம்பர்களை அச்சிட்டுப் பூட்டி வையுங்கள். மருத்துவமனையில் பதிவு நோட்டும், கடையில் பில் புக்கும் இருப்பது பிற்போக்கு கிடையாது.

"அதெல்லாம் ஐடி பையன் பாத்துப்பான்" என்பதுதான் நம்ம ஊர் நிறுவனங்களில் வழக்கமான பதில். இதை நான் ஏற்கவில்லை. எத்தனை மணி நேரம் தாங்கலாம், எந்த வேலை நிற்கவே கூடாது என்பது முதலாளியும் நிர்வாகமும் எடுக்க வேண்டிய முடிவு.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் அரை நாள் ஒதுக்குங்கள். நெட்டை அணைத்துவிட்டு வேலை பாருங்கள். எது நின்றுபோகிறதோ, அதிலிருந்து சரிசெய்ய ஆரம்பிக்கலாம்.