முற்றத்து முத்து

தமிழகத்தின் தென்கோடிக் கடற்கரைக்கு முத்தால் வந்த புகழ் பெரிது. பொருநை கடலொடு கலக்கும் இடத்தில் பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய கொற்கையின் முத்து யவனர் நாடுவரை சென்றது. கடல் பின்வாங்கியதால் அக்கொற்கை இன்று கரையினின்றும் சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிற்றூராய் அமைந்திருக்கிறது. கொற்கைக்குப் பின் காயல் ஓங்கிற்று. காயலுக்குப் பின் தூத்துக்குடி ஓங்கிற்று. துறைகள் மாறினும் தொழில் மாறவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுவரை முத்துக்குளிப்பு நடைபெற்றதாக எழுதினார். அஃது இளவேனிற் பருவம். வாடை ஓய்ந்து, தென்மேற்குக் காற்று இன்னும் எழாத இடைவேளையில் கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும்.

ஆயினும் முத்து நாள்தோறும் கிடைக்கும் பொருள் அன்று. 'பார்' எனப்படும் கடலடித் திட்டுகளில் சிப்பி செழித்து வளரும் ஆண்டும் உண்டு; ஒன்றுமின்றி வெறுமையாய்க் கிடக்கும் ஆண்டுகள் பலவும் உண்டு. கல்லின் துணையால் ஆழத்தில் இறங்கி, மூச்சடக்கி அள்ளிவந்த சிப்பிகளுள்ளும் பெரும்பாலானவற்றில் முத்து இராது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே பெருமளவில் நடந்தவற்றுள் இறுதியானது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பியினுள் முத்தை விளைவிக்கும் முறையில் இந்நகரில் வெற்றி கண்டனர் என்பதும் உண்மை. ஆனால் பாய்மரப் படகுகள் அணிவகுத்துப் பாருக்குச் சென்ற பழைய காட்சி மீண்டும் வரவில்லை.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இக்கரை முத்துக்குளிப்பு இன்றியே வாழ்ந்து வருகிறது. அவ்வாறாயின் இங்குள்ளோர் மகிழ்ச்சியின்றியா வாழ்ந்தனர்? இல்லை. மகிழ்ச்சியையும் முத்தைப்போல் எண்ணிக்கொள்வது மக்கள் இயல்பாய்விட்டது. தேர்வில் முதன்மை, உயர்ந்த பதவி, புதிய வீடு ஆகியவை வந்தபின் மகிழலாம் என்று நாள் குறித்துக் காத்திருப்போர் பலர். அவை வருவதும் உண்டு. வாராமற் போவதும் உண்டு. அதற்குள் கண்முன் வந்து சென்ற காலைப்பொழுதுகளுக்குக் கணக்கு இல்லை. நாள்தோறும் கிடைப்பதனால் மலிவு என்று கருதப்படும் மகிழ்ச்சியே வாழ்வைத் தாங்குவது. அதனைக் காண்பதற்குத் தூத்துக்குடியில் ஒரு சிறு முற்றமும், அதில் ஒரு பூனைக்குட்டியும் போதும்.

இளவேனில் இந்நகரத்து மீனவர்க்கு வளமான பருவம் அன்று. மீன் முட்டையிட்டுப் பெருகுதற்பொருட்டுக் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் விதிக்கப்படுகிறது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாளாக இருந்துவருகிறது. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டுக் கிடக்கும். விடியுமுன் கடலுக்குச் சென்று இரவில் திரும்பும் ஆடவர் அந்நாட்களில் வீட்டில் இருப்பர். தம் வீட்டின் காலை எப்படியிருக்கும் என்பதை அவர்கள் அறிவது அப்போதுதான். அரசு தரும் உதவித்தொகையைக் கொண்டு அடுப்பெரிய வேண்டும். வலையைப் பழுதுபார்க்க வேண்டும். கடனுக்கும் விடை சொல்ல வேண்டும். வறுமையை மறைக்கும் திரையாக மகிழ்ச்சியைப் பேசுவது அறமாகாது. பசித்தவனிடம் பூவின் அழகைக் காட்டிப் பசியை மற என்று சொல்வது கொடுமை. ஆனால், கையில் பொருள் இல்லாதவன் கண்ணால் காணவும் உரிமையற்றவன் என்று கருதுவது அதனினும் கொடுமை.

அம்முற்றத்தின் இளவேனில் எளியது. தூத்துக்குடியில் மழை குறைவு; கிணற்று நீர் உவர்க்கும்; நகரைச் சூழ உப்பளங்கள். எனவே அரிசி களைந்த நீரும் கலம் கழுவிய நீரும்தாம் தோட்டத்தை வளர்க்கின்றன. மூலையில் ஒரு முருங்கை, சுவரோரம் ஒரு செம்பருத்தி, துளசிக்கு அருகில் ஒரு மல்லிகைப் பதியன், வாயிலில் ஒரு வேம்பு. பங்குனி பிறந்ததும் வேம்பு கொழுந்து விடும். சித்திரையில் பூத்துச் சொரியும். பாண்டியர் தமக்கு அடையாள மாலையாகக் கொண்ட பூ இதுவே. கசப்பு மரத்திற்குத் தேன்மணம் கமழும் பூ அமைந்தது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று. விடியற்காலையில் மரத்தடியில் துணி விரித்து அப்பூவைச் சேர்ப்பர்; வெயிலில் உலர்த்திப் பச்சடிக்கும் சாற்றுக்கும் எடுத்து வைப்பர்.

உலர்த்திய பூவின் நடுவே பூனைக்குட்டி படுத்திருக்கும். விரட்டினால் எழுந்து போகும். விரட்டியவர் திரும்புவதற்குள் மீண்டும் அங்கேயே படுத்திருக்கும்.

பூனைக்குட்டியின் விளையாட்டுக்குப் பொருட்செலவு இல்லை. பிறந்து பத்து நாள் அளவில் அது கண் திறக்கிறது. மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடக்கிறது. நான்காம் வாரத்தில் விளையாடத் தொடங்குகிறது. காற்றில் உருளும் ஒரு முருங்கைப் பூ அதற்குப் பெரும்பகை. வயிற்றைத் தரையில் ஒட்டிப் பதுங்கும், பின்புறத்தை இருமுறை அசைக்கும், பாயும். பாய்ந்தபின் பூ எங்கே போயிற்று என்று அறியாமல் நாற்புறமும் பார்க்கும். பூ அதன் வயிற்றின்கீழ் இருக்கும். அடுத்த நொடியில் பகைவன் மாறிவிடுவான்: தாயின் வால். தாய் கண்ணை மூடிக்கொண்டே வாலை இப்பக்கமும் அப்பக்கமும் மெல்ல வீசிக்கொடுக்கும். உறங்குவதாகத் தோன்றும் அத்தாய் உண்மையில் பாடம் நடத்துகிறது. பதுங்கவும், தொலைவை அளக்கவும், தாவவும், விழுந்தால் காலூன்றி விழவும் குட்டி கற்பது அவ்வாலினிடத்தில்தான். பிரம்பு இல்லாத பள்ளி. ஆயினும் அதில் தேறாத மாணவர் இல்லை.

வலைக்கண்ணை முடிந்துகொண்டிருக்கும் மீனவர், வலையின் ஒரு முனை தாமாக நகர்வதைக் காண்பார். குட்டி அதனுள் புகுந்து நூலோடு போராடிக்கொண்டிருக்கும். அறுந்தால் இழப்பு என்பதை அவர் அறிவார், அதட்டவும் செய்வார். எனினும் அதட்டும் வாயில் சிரிப்பு வந்துவிடும். கடன்காரருக்கு என்ன சொல்வது என்ற கவலை அந்த நொடியில் தீர்ந்துவிடவில்லை. அதனைத் தாங்கும் தோள் சற்றே இளைப்பாறியது, அவ்வளவே. அவ்வளவும் சிறிதன்று.

இவ்வாறு காணும் கண் தமிழர்க்குப் புதிதன்று. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் என்னும் புலவர், மழைக்குப்பின் அரும்பிய முல்லையைக் கண்டார். அது காட்டுப்பூனையாகிய வெருகு சிரித்தாற்போல் இருந்தது அவருக்கு. பூனைக்கும் பூவுக்கும் என்ன உறவு என்று கேட்பவர், பூனை கொட்டாவி விடும்போது அதன் வாயைப் பார்க்க வேண்டும். வெண்மையும் கூர்மையும் சிறுமையும் உடைய அப்பற்களைக் கண்டபின் முல்லை அரும்பைப் பார்ப்பவர்க்கு ஐயம் எழாது. கபிலரும் பாரியின் பறம்பு நாட்டு முல்லை அரும்புக்கு வெருகுக் குட்டியின் பல்லையே உவமையாக்கினார். உவமையை வீட்டினுள் அடைந்துகிடந்து ஆக்கிவிட முடியாது. பூனையையும் பூவையும் பலநாள் நின்று பார்த்தவர்க்கே அது கைவரும். தொல்காப்பிய மரபியலோ வெருகின் இளமைக்கும் எலியின் இளமைக்கும் 'குட்டி' என்னும் ஒரே பெயரை வழங்குகிறது. தின்னும் விலங்கும் தின்னப்படும் விலங்கும் இளமையில் ஒருபெயர் பெற்றிருப்பதை எண்ணினால் நகையும் வரும், இரக்கமும் வரும்.

கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில் தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிட்டார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை என இக்கால விலங்கு மருத்துவர் கூறுவர்; அதனால் கம்பருக்கு ஒரு குறையும் இல்லை.

தோட்டத்தின் பக்கம் வருவோமாயின், நெய்தல் நிலத்து நற்றிணைப் பாடல் ஒன்று நினைவுக்கு வரும். விளையாடிய சிறுமியர் வெண்மணலில் ஒரு புன்னை விதையை அழுத்திவிட்டு மறந்தனர். அது முளைத்தது. நெய்யும் பாலும் பெய்து வளர்த்தனர். அம்மரம் உங்களினும் சிறந்தது, உங்களுக்குத் தங்கை முறையாகும் என்றாள் அன்னை. வளர்ந்தபின் அம்மரத்து நிழலில் நகைத்து விளையாட அப்பெண் நாணினாள். திட்டமிட்டு வைத்த மரம் அன்று அது. விளையாட்டில் தவறிய விதை. அதனைக் கண்டதும் பேணியதுமே பெருமை.

பூனையை வெறுப்போர் சொல்லும் குறைகளையும் கேட்க வேண்டும். குறுக்கே போனால் காரியம் கெடும் என்பது ஒன்று. பூனை தன் வழியே போகிறது. காரியம் கெடுவது முயற்சிக் குறைவால். இதற்குமேல் இதனைப் பற்றிச் சொல்லுவதற்கு ஒன்றும் இல்லை. திருடும் என்பது இரண்டாவது. உண்மைதான், திரேஸ்புரத்துக் கரையில் வள்ளங்கள் வந்து சேரும்போது சாளைக் கூடையருகே அமர்ந்திருக்கும் பூனையின் துறவுக்கோலத்தை நம்பலாகாது. ஆனால் அதே பூனைதான் கிட்டங்கிகளில் எலியையும் காக்கிறது. எலி மூட்டையைத் தொடாதவாறு காக்கிறது என்று திருத்திச் சொல்க. மரக்கலங்களில் உலகமெங்கும் மாலுமிகள் பூனையை உடன்கொண்டு சென்றது இதற்காகவே. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்குமுன் ஒரு மனிதனுக்கு அருகில் பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர் கண்டனர். நபிகள் நாயகத்தின் தோழர் ஒருவர், பூனைக்குட்டியின் தந்தை எனப் பொருள்படும் அபூ ஹுரைரா என்னும் பெயராலேயே அறியப்படுகிறார். அன்பு பயனை எண்ணிப் பிறப்பதில்லை என்பதற்கு இவை சான்று.

பொழுதை வீணாக்கும் என்பது மூன்றாவது குறை. மாணவர்க்குப் பெரியோர் அடிக்கடி சொல்வது இது. பூனையைப் பார்த்துக்கொண்டே பாடத்தை மறப்பது தவறுதான். ஆனால் கால்நாழிகை ஓர் உயிரை ஊன்றி நோக்குவதும் பயிற்சியே. குட்டி எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறது, மல்லிகை எந்த நேரத்தில் வாய் திறக்கிறது, வேம்பின் பூவுக்கு எத்தனை இதழ் என்று கேட்டால் விடை கூறாத மாணவர், பார்த்தும் பாராதவர். கவனம் என்பது புத்தகத்திற்கு ஒன்றும் தோட்டத்திற்கு ஒன்றுமாக இரண்டு இல்லை.

ஊன்றிப் பார்ப்பவர்க்கு இனிமை மட்டுமே தென்படும் என்பதும் இல்லை. முருங்கைப் பூவின்மேல் பாய்ந்து பழகிய குட்டி, ஒருநாள் அதே பூவில் தேனருந்த வந்த தேன்சிட்டின்மேல் பாயும். விளையாட்டெல்லாம் வேட்டைக்குப் பயிற்சியே என்பது அப்போது விளங்கும். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையை விடுவதில்லை. இளவேனிலோ பறவைகள் பல கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. மனிதரோடு அங்கு வந்து பெருகிய பூனைகள், அத்தீவில் மட்டுமே எஞ்சியிருந்த பறக்க இயலாத ஒரு சிறு குருவியினத்தைச் சில ஆண்டுகளிலேயே அடியோடு அழித்தன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. எலிக்குப் பகையாகட்டும் என்று எண்ணி அத்தகைய தீவில் ஒரு பூனையை இறக்கிவிடுவோர், அங்குத் தங்கும் பறவைகளுக்குக் கூற்றுவனை இறக்கிவிடுகின்றனர்.

இதனைக் கண்டு பூனையை வெறுக்க வேண்டுவதில்லை. காக்க வேண்டியவற்றைக் காத்தல் போதும். விடியலிலும் அந்தியிலும் பூனையை வீட்டினுள் இருத்தலாம். தேன்சிட்டு கூடுகட்டிய கிளையின் அடியில் முள்ளைப் பரப்பலாம். கழுத்தில் சிறுமணி கட்டினால் பூனையிடம் அகப்படும் பறவைகள் குறைகின்றன எனவும் ஆய்ந்தோர் கூறுவர். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கூடி மயங்கிய வேலையை, அம்முற்றத்துச் சிறுமி மடியில் குட்டியை வைத்துக்கொண்டு நொடியில் முடித்துவிடுவாள். ஒன்றில் மகிழ்பவர் அதனால் பிறிதோர் உயிர்க்கு நேரும் தீங்கையும் அறிந்திருத்தல் வேண்டும். அறியாமல் மகிழ்வது பாதி மகிழ்ச்சியே.

வைகாசி முடிவதற்குள் வேம்பு காய்பிடித்துவிடும். அனற்காற்றில் மல்லிகையின் இலைகள் சுருளும். குட்டி நான்கு திங்கள் வளர்ந்து, மதில்மேல் ஏறி அடுத்த தெருவைப் பார்க்கத் தொடங்கியிருக்கும். வாலைப் பிடிக்க வந்தால் தாய் சீறும். ஜூன் 15ஆம் நாள் விடியுமுன் விசைப்படகுகளின் ஒலி துறைமுகத்தில் மீண்டும் எழும். அன்றிரவு மீனவர் கொண்டுவரும் பையினுள் பெரிய மீன்களுக்கு அடியில், விலைக்குப் போகாத காரற்பொடி ஒருபிடி தனியே பொதிந்திருக்கும். மணியோசை வாயிலுக்கு ஓடிவரும்.