பொருள் உரைப்பவர் யார்?



“எங்கள் வேதத்தை நாங்களே வாசித்துப் பொருள் அறிகிறோம், உங்களுக்கோ குருவானவர் வாய் திறந்தால்தான் வேதம்” என்று பிரிந்த சகோதரர் எவரேனும் கூறும்போது, நம் குடும்பங்களுள் பல விடையின்றி நின்றுவிடுகின்றன. கலப்புத் திருமணத்தால் இரு சபையாரும் ஒரே கூரையின்கீழ் வாழும் இல்லங்களில் இவ்வழக்கு சோற்றுக் கலத்தின் முன்பே எழுவதுண்டு. அங்கே நடைபெறும் சொற்போரில் பெரும்பாலும் இரு திறத்தாரும் பிறருடைய கொள்கையையும் அறியார். தம்முடையதையும் முற்ற அறியார். ஆதலின் இத்திங்கள் இதனைச் சற்று விரித்துக் காண்போம்.

1520ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் ஜெர்மன் நாட்டு உயர்குடியினர்க்கு விடுத்த நூலொன்றில், உரோமை தன்னைச் சுற்றி மூன்று மதில்களை எழுப்பிக்கொண்டது என்றார். மறைநூலுக்குப் பொருள் கூறும் உரிமை பாப்பரசர் ஒருவர்க்கே உண்டு என்பது அவற்றுள் இரண்டாம் மதிலாம். திருமுழுக்குப் பெற்றோர் யாவரும் குருத்துவத்தில் பங்குடையோர்; மறைநூலின் தெளிந்த பகுதி தெளிவற்ற பகுதியை விளக்கும்; ஆகவே திருத்தந்தையையும் பொதுச்சங்கத்தையும்கூட மறைநூலைக் கொண்டே சோதிக்க வேண்டும் என்பது அவர் துணிபு. 1522இல் புதிய ஏற்பாட்டையும், 1534இல் விவிலியம் முழுவதையும் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். அவருக்கு முன்னரே, 1466இல், ஸ்திராஸ்பூர்க் நகரில் ஜெர்மன் விவிலியம் அச்சேறியிருந்தது என்பதை நம்மவர் பெருமையுடன் எடுத்துக்காட்டுவர். உண்மையே. ஆயினும் மக்கள் நாவில் நிலைத்தது லூத்தரின் மொழிபெயர்ப்பே. இதனை ஒப்புக்கொள்வதால் நமக்கு இழுக்கொன்றும் இல்லை.

ஒவ்வொருவனும் தன் மனம்போனவாறு பொருள் கொள்ளலாம் என்று லூத்தர் கற்பித்ததாக நம் மேடைகளில் சிலர் பேசுகின்றனர். அது நேர்மையன்று. சாக்சனி நாட்டுப் பங்குகளைப் பார்வையிட்டு, மக்களின் அறியாமை கண்டு வருந்தியே அவர் 1529இல் இரண்டு ஞானோபதேச நூல்களை எழுதினார். 1530இல் அவருடைய சபையார் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையை வெளியிட்டனர். ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளுள் இருபதாவது, விசுவாசம் பற்றிய வழக்குகளில் சபைக்கு அதிகாரம் உண்டு என்றே கூறுகின்றது. மறைநூலுக்கு மாறாக எதையும் கட்டளையிடலாகாது என்று ஓர் எல்லையும் வகுக்கின்றது. எனவே அவர்களுக்கும் ஆசிரியர் உண்டு. பொருள் கூறும் மரபும் உண்டு.

அங்ஙனமாயின் வேறுபாடுதான் யாது? நன்மனத்தோரும் கற்றோருமான இருவர் ஒரே வாக்கியத்துக்கு முரண்பட்ட பொருள் கூறினால், முடிவு கூறுபவர் யார்? வழக்கின் உயிர்நாடி இதுவே.

இதனை விளக்க 1529ஆம் ஆண்டு அக்டோபர் திங்களைக் காட்டிலும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. ஹெஸ்ஸே நாட்டு அரசர் பிலிப், சீர்திருத்தத் தலைவர்களை ஒன்றுபடுத்த விழைந்து, மார்பர்க் நகரிலுள்ள தம் கோட்டைக்கு அழைத்தார். விட்டன்பர்க்கிலிருந்து லூத்தரும் மெலாங்க்தனும், சூரிக்கிலிருந்து ஸ்விங்ளியும், பாசெலிலிருந்து எக்கோலம்பாதியுசும் வந்தனர். யாவரும் கிரேக்கமும் இலத்தீனும் கற்றுத் துறைபோயவர். மறைநூலே போதும் என்பதில் அவர்களுக்குள் ஐயமே இல்லை. பாப்பரசரின் தலையீடும் அங்கில்லை. எழுந்த வினாவோ ஒன்று: இறுதி இரவுணவில் அப்பத்தைத் தம் உடல் என்று ஆண்டவர் உரைத்ததன் பொருள் என்ன?

லூத்தர் அச்சொற்களைச் சுண்ணக்கட்டியால் மேசைமீது இலத்தீனில் எழுதிவைத்து, அவற்றினின்று அசையமாட்டேன் என்றார். ‘ஆகும்’ என்றால் ஆகும்தான் என்பது அவர் வாதம். தமிழில் இவ்வினைச்சொல் தொக்கி நிற்பதால் நமக்கு இப்பூசலின் கடுமை உடனே புலப்படாது. இலத்தீனிலோ அது தனிச்சொல்லாய் நிற்கின்றது. அச்சொல்லுக்குக் ‘குறிக்கின்றது’ என்பதே பொருள் என்றார் ஸ்விங்ளி. ஊன் ஒன்றுக்கும் உதவாது என்னும் பொருள்பட அருளப்பர் நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் வரும் ஆண்டவரின் வாக்கைச் சான்று காட்டினார். இறுதியில் பதினைந்து கூற்றுகளில் இரு திறத்தாரும் கையொப்பமிட்டனர். பதினான்கில் முழு உடன்பாடு. பதினைந்தாவதில், ஆண்டவரின் உடல் அப்பத்தில் மெய்யாகவே உள்ளதா என்பதில் மட்டும் உடன்பாடு இல்லை. ஸ்விங்ளியைச் சகோதரராக ஏற்று நட்புறவு கொள்ள லூத்தர் மறுத்துவிட்டார்.

மறைநூல் மேசைமேல் இருந்தது. வாசிப்போரும் சூழ இருந்தனர். எப்பொருள் திருச்சபையின் விசுவாசம் என்று கூறுவதற்கு உரிமை பெற்றவரே அங்கில்லை. கத்தோலிக்க மறுமொழி இவ்விடத்திலேதான் தொடங்குகின்றது. நற்கருணை பற்றிய விசுவாசத்தை அத்தாளிலிருந்து மட்டும் நாம் பெறவில்லை. அத்தாள் எழுதப்படுமுன்பே அப்பம் பிட்ட சபையிடமிருந்தும் பெற்றோம். அச்சபையே அந்நூலைக் காத்து நமக்களித்தது. 1546ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் திரெந்து பொதுச்சங்கம், விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் சார்ந்தவற்றில் திருச்சபை கொண்டுள்ள பொருளுக்கு மாறாகத் தன் சொந்த அறிவை நம்பி எவரும் மறைநூலைத் திரிக்கலாகாது என்று விதித்தது.

‘விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் சார்ந்தவை’ என்னும் வரம்பினைக் கருதுக. இவ்வரம்பு பேணப்படாதபோது நேர்ந்த கேடும் நம் வரலாற்றில் உண்டு. 1615இல் கர்தினால் பெல்லார்மின் (இன்று நம் பீடங்களில் வணங்கப்பெறும் புனிதர்) திரெந்து சங்கத்தின் இவ்விதியையே சுட்டி, சூரியன் இயங்குகின்றது என்றே திருச்சபைத் தந்தையர் பொருள் கொண்டனர் என்று எழுதினார். 1633இல் கலிலேயோ தண்டிக்கப்பட்டார். 1992இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இதனை ஆய்ந்துரைத்தபோது, மறைநூல் வேறு, அதற்கு நாம் கூறும் பொருள் வேறு என்பதை அக்கால இறையியலாருள் பெரும்பாலோர் உணரவில்லை என்றார். நம் சகோதரர் எவரேனும் கலிலேயோவைச் சுட்டினால், மழுப்பாமல் இதனைக் கூறுங்கள்.

மற்றொன்றும் கூறவேண்டும். தாய்மொழி விவிலியத்தை வாசிக்க ஆயரிடம் எழுத்து மூலம் இசைவு பெறவேண்டும் என்று 1564இல் ஏற்பட்ட விதி 1757இல் தளர்த்தப்பட்டது. ஆனால் அது விதைத்த அச்சம் விதியினும் நீண்ட ஆயுளுடையதாயிற்று. விவிலியம் நமக்கன்று, குருக்களுக்கே என்று எண்ணும் முதியோரை இன்றும் காண்கிறோம்.

திருச்சபையின் போதனையோ அவ்வாறன்று. திருச்சபை அதிகாரத்தோடு பொருள் வரையறுத்துள்ள மறைநூற் பகுதிகள் மிகச் சிலவே என்று பன்னிரண்டாம் பத்திநாதர் 1943இல் எழுதினார். ஏனையவற்றில் அறிஞர் ஆராய்தற்கும் விசுவாசிகள் தியானித்தற்கும் பரந்த வெளி உண்டு. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இறைவாக்குக்கு அதிகாரபூர்வமாகப் பொருள் கூறும் பணி திருச்சபையின் ஆசிரியப் பணிக்கே உரியது என்றது. அதே மூச்சில், அப்பணி இறைவாக்குக்கு மேற்பட்டதன்று, அதற்கு ஊழியம் செய்வதே என்றும் உரைத்தது. விசுவாசிகள் அனைவர்க்கும் மறைநூல் எளிதில் கிட்டவேண்டும் என்றும் பணித்தது.

எத்தியோப்பிய அமைச்சரின் வரலாற்றை நினைவுகூருங்கள். இசையாசின் சுருளை வாசித்துப் பொருள் விளங்காதிருந்தவரின் தேரில் பிலிப்பு ஏறி அருகமர்ந்தார். சுருளைக் கையிலிருந்து பறித்துக்கொள்ளவில்லை. அவர் வாசித்துக்கொண்டிருந்ததனாலன்றோ பிலிப்புக்கும் விளக்குதற்கு ஒன்று கிடைத்தது! விவிலியத்தைத் திறவாத வீட்டில் குருவானவர் எதனை விளக்குவார்?

சனிக்கிழமை மாலை செபமாலைக்குப்பின், மறுநாள் திருப்பலியின் நற்செய்தியைப் பிள்ளைகளுள் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். அடிக்குறிப்புகளையும் காணுங்கள். ஐயம் எழுந்தால் குறித்துக்கொண்டு பங்குக்குருவிடம் வாருங்கள்; குருவானவர்க்கு உடனே விடை தெரியவில்லையெனில், அவரும் நூல்களைப் புரட்டட்டும்; அதுவும் நன்றே. கலப்புத் திருமண இல்லத்தார் சேர்ந்தே வாசிக்கலாம். 1999இல் நம் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், மனிதர் இறைவனுக்கு ஏற்புடையோராவது பற்றிய பழைய வழக்கில் கூட்டறிக்கையொன்றில் ஒப்பமிட்டது, பல்லாண்டுகள் ஒரே மறைநூலைச் சேர்ந்து கற்றதன் பயனேயாம்.

தமிழிலும் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இரு சபையாரின் கூட்டுழைப்பு. நம் பதிப்பிலுள்ள இணைத் திருமுறை நூல்கள் அவர்கள் கையிலுள்ள பழைய வேதாகமத்தில் காணப்படாதது ஏன் என்னும் வினாவை அடுத்த இதழில் காண்போம்.