மறதி நோயும் முதியோர் இல்லங்களும்: எங்கள் சமூகம் யோசிக்க வேண்டியது

"எங்கட ஆக்கள் பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுவதில்லை" என்று பெருமையாகச் சொல்வோம். இன்று நிலைமை அப்படியில்லை. பிள்ளைகள் கட்டாரிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்க, பார்க்க ஆளின்றி இல்லங்களுக்கு வருவோர் எங்களிலும் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 12 சதவீதத்தைத் தாண்டிவிட்டனர். வயது கூடக் கூட டிமென்ஷியா எனும் மறதி நோயின் ஆபத்தும் கூடுகிறது.

அண்மையில் மாணவர்களுடன் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு, உடுப்பு, மருந்து எல்லாம் ஒழுங்கு. ஆனால் எல்லோரும் தொலைக்காட்சி முன் பேச்சின்றி இருந்தார்கள். ஒரு வயோதிபர் மட்டும் சாரத்தின் ஓரத்தை மடித்து மடித்து நீவிக்கொண்டிருந்தார். "சும்மா இருக்க மாட்டார், துணியைக் கசக்குவார்" என்றார் பராமரிப்பாளர். விசாரித்தபோது, அவர் நீண்டகாலம் தையல்காரராக இருந்தவர் என்று தெரிந்தது. மாணவி ஒருத்தி தன் லேஞ்சியைக் கொடுத்து, "அப்பா, இதை மடிச்சுத் தாங்க" என்றாள். அவர் அதைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு, "எப்ப வேணும்?" என்று கேட்டார்.

அல்ஸைமர் நோய் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுகளையே முதலில் அழிக்கிறது. கை பழகிய வேலையும் சிறுவயதில் மனனமிட்ட சூராக்களும் நெடுநாள் நிற்கக்கூடும். ஆகவே எல்லோருக்கும் ஒரே பொழுதுபோக்கு பொருந்தாது. பாய் இழைத்தவருக்குப் பன், கடை நடத்தியவருக்கு எண்ணி அடுக்கச் சில்லறை, சமைத்தவருக்கு ஆய்வதற்குக் கீரை. கொஞ்ச நேரம் செய்தாலே போதும். சரி பிழை பார்க்கக்கூடாது, "நான் யார் தெரியுமா?" என்று பரீட்சை வைக்கவும் கூடாது. இதனால் நோய் குணமாகாது. பதற்றமும் தனிமையும் குறையலாம்.

இபாதத்தும் அப்படித்தான். அறிவு நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை; ரக்அத் பிழைத்ததென்று கண்டிக்க வேண்டாம். ஆனால் முஸல்லாவையும் தஸ்பீஹையும் கண்டதும் அமைதியடைபவர் உண்டு. பிற சமூகத்தவர் நடத்தும் இல்லத்தில் இதை யார் சொல்வது?

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கோரலாம். ஆனால் உங்கள் வாப்பா என்ன தொழில் செய்தார், எந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பார் என்பதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும். இல்லத்தில் சேர்க்கும்போது அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்கள் வாரம் ஒருமுறை இரண்டு இளைஞர்களை அனுப்பலாம். உம்மா வாப்பா நல்ல நினைவோடு இருக்கும் வீடுகளில், அந்தப் பக்கத்தை இன்றே அவர்களிடம் கேட்டு எழுதலாம்.