ஈ புராணம் – 4: கண்ணு என்ன கலர்?

மக்களே, ரெண்டு வாரமா பதிவு இல்லை. காரணம் பழ ஈ. அழுகின வாழைப்பழத்தைச் சுத்துமே, அதேதான்.

நம்ம ஆணி என்னன்னா, புழு, கூட்டுப்புழு, ஈ மூணையும் தனித்தனியா நைட்ரிக் அமிலத்தில் கரைச்சு, இரும்பு, சிங்க், காப்பர் அளக்கணும். கூட்டுப்புழு தின்னாது, கழிக்காது. பூட்டின வீடு. புழு தின்னு சேர்த்த உலோகம்தான் ஈக்கு மூலதனம். வெளியே வரும்போது ஓட்டோடயும் முதல் கழிவோடயும் கொஞ்சம் போகும்.

சிங்க் பெரும்பாலும் மால்பிஜியன் குழல்களில் இருக்கு (பள்ளிக்கூடத்துக் கரப்பான்பூச்சி ஞாபகம் இருக்கா? :-)). புழுவோட பல உறுப்புகள் கரைஞ்சாலும் இந்தக் குழல்கள் தப்பிச்சு ஈக்குள்ள போயிடும்.

நான் ஜீன் மாத்தின ஈயில் சிங்க் ரொம்பக் கம்மி! துள்ளிக் குதிச்சுப் புரொபசர்கிட்ட ஓடினேன். மனுஷன் ஒரே கேள்விதான் கேட்டார்: "கண்ணு என்ன கலர்?"

என்னோடது வெள்ளைக் கண். ஒப்பிட வெச்சது சிவப்புக் கண். 1910-ல் மார்கன் கண்ணில் பட்ட அதே வெள்ளைக்கண் மரபணுதான். அது கெட்டா கண் நிறமி மட்டுமில்ல, குழலில் சிங்க் சேர்த்து வைக்கிற மணிகளும் குறையும். நான் மாத்தின ஜீனுக்கு இதில் பங்கு உண்டா? சொல்லவே முடியாது. மூணு மாச எண்கள் குப்பைக்கு.

இப்ப சிவப்புக் கண்ணோட திரும்பக் கலப்பு. 25 டிகிரியில் தலைமுறைக்குப் பத்து நாள். அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "ஈ ஓட்டறதுக்கா அவ்ளோ தூரம் போன?"ன்னாங்க.